உச்சிக்குப் போகிற வழியில் சுமந்தவர்கள்: எவரெஸ்ட் பயணத் திட்டங்களின் நூறு வருடக் கதை

1953 மே 29, காலை 11.30. எவரெஸ்ட் உச்சியில் நின்ற இரண்டு பேரின் பெயரும் எங்கள் எல்லாருக்கும் தெரியும். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற காலத்திலேயே பாடமாக்கின பதில் அது. ஆனால் அதே பயணத்தில் 362 சுமைகாரர்களும் 20 ஷெர்பா மலையேறிகளும் இருந்தார்கள், கிட்டத்தட்ட பத்தாயிரம் இறாத்தல் சாமான் மனித முதுகுகளில் ஏறித்தான் அந்த மலையடிக்குப் போனது என்பதை எந்தப் பொது அறிவுப் புத்தகமும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டு பேர் உச்சியில் ஒரு கால் மணித்தியாலம் நிற்பதற்காக நானூறு பேரளவில் நடந்தார்கள்.

மலையேற்றத்தைப் பற்றி வாசிக்கிறபோது துணிச்சல், விடாமுயற்சி, கனவு என்று நிறையச் சொற்கள் வரும். திட்டமிடல் என்ற சொல் பெரும்பாலும் பின்னிணைப்பில்தான் இருக்கும். எத்தனை மூட்டை அரிசி, எத்தனை ஒட்சிசன் சிலிண்டர், எத்தனை கூடாரம் என்று. எங்களைப் பொறுத்தவரை உண்மையான வரலாறு அந்தப் பின்னிணைப்பில்தான் கிடக்கிறது. ஒரு சாமானை மேலே கொண்டுபோக வேண்டும் என்று திட்டத்தில் எழுதுகிற அந்த நேரமே, அதை யார் கொண்டுபோவது, வழியில் பனி இடிந்து விழுந்தால் யார் அதற்குக் கீழே நிற்பது என்பதும் முடிவாகிவிடுகிறது. இமயமலையில் வழிகாட்டிகளோடு ஏறுகிற பயணங்களின் நூறு வருடக் கதையை இந்தக் கண்ணோட்டத்தில் ஒருக்கால் பார்ப்போம்.

'கூலி' என்ற சொல் இமயமலைக்குப் போன கதை

இந்த மலையின் உயரத்தை அளந்த வேலை தொடங்கினது சென்னையில். 1802இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி பரங்கிமலைப் பக்கம் ஒரு நேர்கோட்டை அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளக்கத் தொடங்கினார். அந்த அளவை வடக்கே போய்ச் சேர ஐம்பது வருடமளவில் எடுத்தது. 1856இல் பதினைந்தாம் இலக்கச் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று அறிவித்தார்கள். 1865இல் முன்னாள் நில அளவை அதிபதி ஜோர்ஜ் எவரெஸ்டின் பெயரை அதற்கு வைத்தார்கள். திபெத்தியர்கள் அதை ஏற்கெனவே சோமோலுங்மா என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

1921இல் பிரிட்டிஷ்காரர்கள் முதல் தடவையாக அங்கே ஒரு குழுவை அனுப்பினார்கள். நேபாளம் அப்போது வெளியாருக்கு மூடியிருந்தது. ஆகவே திபெத் வழியாகத்தான் போக வேண்டும். ஆட்களைச் சேர்த்தது டார்ஜிலிங்கில். நேபாளத்தின் சோலு கும்பு பகுதியிலிருந்து வேலை தேடி வந்து அங்கே குடியிருந்த ஷெர்பாக்கள் அந்தப் பயணங்களுக்குச் சுமைகாரர்களாகப் போனார்கள். அந்தக் காலத்துப் பயண நூல்களில் அவர்களைக் குறிக்க வருகிற சொல் 'கூலி'. அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் தமிழ்க் கூலிதான் என்று பலர் சொல்லுவார்கள், வேறு கருத்தும் இருக்கிறது. எது சரியென்றாலும், எங்கட மொழியில் செய்த வேலைக்குக் கிடைக்கிற ஊதியம் என்று பொருள்படுகிற ஒரு சொல், அந்த ஆளையே குறிக்கிற சொல்லாக மாறி, மலையகத் தோட்டங்களிலும் இமயமலைப் பனியிலும் ஒரே மாதிரிப் புழங்கியது. சம்பளப் பட்டியலில் இருக்கிற ஆளுக்குப் பெயர் தேவையில்லை என்பதுதான் அதன் உட்கருத்து. மலையகத்தின் கதை தெரிந்த எங்களுக்கு இதைப் பெரிதாக விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஷெர்பா என்பது ஒரு தொழிலின் பெயர் இல்லை, ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். திபெத்திய மொழியில் கிழக்கத்தையர் என்று பொருள். வெளிநாட்டவர் வந்து வேலை கொடுத்ததால்தான் அது 'மலையில் சாமான் தூக்குகிற ஆள்' என்ற அர்த்தத்தை எடுத்தது.

1922 ஜூன் 7. மூன்றாவது தடவையாக முயற்சி செய்துபார்ப்போம் என்று மலோரி, சொமர்வெல், குரோஃபோர்ட் மூவரும் பதினான்கு சுமைகாரர்களோடு வடக்குக் கணவாயை நோக்கி ஏறினார்கள். புதுப் பனி ஆழமாக விழுந்து கிடந்த நேரம் அது. பனிச்சரிவு வந்தது. ஒன்பது சுமைகாரர்களை இழுத்துக்கொண்டு போனது, அதில் இருவரைத்தான் மீட்க முடிந்தது. ஏழு பேர் செத்தார்கள். மூன்று ஆங்கிலேயரும் தப்பினார்கள். எவரெஸ்டில் ஏறும்போது நடந்த முதல் பெரிய விபத்து இது. இரண்டு வருடம் கழித்து அதே மலையில் மலோரியும் அர்வினும் காணாமல் போன கதைக்கு எத்தனையோ புத்தகங்கள், படங்கள் வந்துவிட்டன. இந்த ஏழு பேரின் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

1934இல் நங்க பர்பத்தில் ஜேர்மன் குழு புயலில் மாட்டியபோது மூன்று ஜேர்மானியரும் ஆறு ஷெர்பாக்களும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கைலே. குழுத் தலைவர் வில்லி மேர்க்கலை விட்டுவிட்டு வர மனமில்லாமல் மேலேயே நின்றவர். நாலு வருடத்துக்குப் பிறகு இரண்டு பேரின் உடல்களும் கண்டெடுக்கப்பட்டன. இதை விசுவாசம் என்று சொல்லி மேற்கத்தைய எழுத்தாளர்கள் உருகினார்கள். இப்படியான விசுவாசத்தை நம்பித்தான் திட்டமே போட்டிருந்தார்கள் என்று எழுதினவர்கள் குறைவு.

காராஜில் படுத்தவர்கள்

1950க்குப் பிறகு நிலைமை மாறியது. திபெத் சீனாவின் கைக்குள் போக, நேபாளம் கதவைத் திறந்தது. 1952இல் சுவிஸ் குழுவோடு போன டென்சிங், ரேமொண்ட் லம்பேர்ட்டோடு சேர்ந்து உச்சிக்கு 250 மீற்றர் வரை கிட்டப் போய்த் திரும்பினார். அடுத்த வருடம் ஜோன் ஹண்டின் பிரிட்டிஷ் குழு. ஹண்ட் ஒரு இராணுவ அதிகாரி, திட்டமும் இராணுவத் திட்டம் மாதிரித்தான். கீழே அகலமான அடித்தளம், மேலே போகப் போக ஆட்கள் குறைந்து, கடைசி முகாமில் இரண்டு பேர் மிச்சமாவார்கள். இதை முற்றுகைப் பாணி என்று சொல்லுவார்கள்.

அந்தப் பயணம் தொடங்குவதற்கு முன்னமே ஒரு சம்பவம் நடந்தது. காத்மண்டுவில் பிரிட்டிஷ்காரர்களுக்குத் தூதரகத்துக்குள்ளே அறைகள். ஷெர்பாக்களுக்குத் தூதரகத்தின் காராஜ், அதில் கழிப்பறை கிடையாது. அடுத்த நாள் காலை ஷெர்பாக்கள் தூதரகத்தின் முன்னால் வீதியிலேயே சிறுநீர் கழித்துத் தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். உச்சியைத் தொட்ட கதையோடு ஒப்பிட்டால் இது சின்ன விசயம் மாதிரித் தெரியலாம். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. தங்களை எந்த இடத்தில் வைத்துத் திட்டம் போட்டிருக்கிறார்கள் என்று அந்த ஆட்களுக்கு அன்றைக்கே நல்லாய் விளங்கியிருந்தது.

உச்சியைத் தொட்ட பிறகும் அதே வரிசைதான். ஹண்டுக்கும் ஹிலரிக்கும் 'சேர்' பட்டம். டென்சிங்குக்கு ஜோர்ஜ் பதக்கம். முதலில் கால் வைத்தது யார் என்று நேபாளமும் இந்தியாவும் பிரிட்டனும் சண்டை பிடித்துக்கொண்டிருக்க, இரண்டு வருடத்துக்குப் பிறகு தன் சுயசரிதையில் டென்சிங்கே ஹிலரிதான் முதலில் ஏறினார் என்று சொல்லி முடித்துவைத்தார்.

ஹிலரி பிறகு அந்த மக்களை மறக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1961இல் கும்ஜுங்கில் பாடசாலை, 1964இல் லுக்லாவில் விமான ஓடுபாதை என்று அவர் கட்டிக் கொடுத்தார். அந்த ஓடுபாதைதான் பிறகு உல்லாசப் பயணிகளின் வாசலாக மாறியது. அதே 1964இல் ஜிம்மி றொபேர்ட்ஸ் என்ற முன்னாள் படை அதிகாரி காத்மண்டுவில் மலைநடைப் பயணங்களுக்கென்று ஒரு கம்பனி தொடங்கினார். மலை மெதுமெதுவாக விற்பனைக்கு வந்தது.

காசு கட்டி ஏறுகிற காலம்

1985 ஏப்ரல் 30இல் டிக் பாஸ் என்ற ஐம்பத்தைந்து வயது அமெரிக்கத் தொழிலதிபர், டேவிட் பிரஷியர்ஸ் என்ற தேர்ந்த மலையேறியின் துணையோடு உச்சிக்குப் போனார். வாழ்நாள் முழுக்க மலையேறாத, ஆனால் காசும் உடல் வலுவும் உள்ள ஒருவர் வழிகாட்டியோடு போனால் எவரெஸ்ட் ஏறலாம் என்று உலகத்துக்கு விளங்கியது. 1992இல் நியூசிலாந்தின் றொப் ஹோலும் கேரி போலும் ஆறு வாடிக்கையாளர்களை உச்சிக்கு ஏற்றிக் காட்டினார்கள். அதோடு இது ஒரு தொழிலாகிவிட்டது. 1996இல் ஹோலின் கட்டணம் 65,000 டொலர்.

அந்த வருடம் மே 10ஆம் திகதி என்ன நடந்தது என்பது ஜோன் கிரக்கவரின் புத்தகத்தால் உலகம் முழுக்கத் தெரியும். ஹோலின் கம்பனியும் ஸ்கொட் ஃபிஷரின் கம்பனியும் ஒரே நாளில் ஏறின. மேலே கயிறு கட்ட வேண்டிய இடங்களில் கட்டியிருக்கவில்லை, வரிசையில் மணித்தியாலக் கணக்கில் காத்துநின்றார்கள். பின்னேரம் இரண்டு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும் என்று ஒரு ஒழுங்கு இருந்தது. அதைப் பலர் காக்கவில்லை. ஹோலின் வாடிக்கையாளர் டக் ஹான்சன் ஒரு தபால் ஊழியர். முதல் வருடம் உச்சிக்குக் கிட்டப் போய்த் திரும்பினவர். இந்தத் தடவை நாலு மணியளவில் ஹோல் அவரை உச்சிக்குக் கொண்டுபோனார். இருவரும் திரும்பி வரவில்லை. அடுத்த நாள் ஹோலைக் காப்பாற்ற அங் டோர்ஜேயும் லக்பா சிறியும் அந்தக் காற்றுக்குள் மேலே ஏறிப் பார்த்து, முடியாமல் திரும்பினார்கள்.

காசு வாங்கிய பிறகு 'திரும்பு' என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதுதான் 1996இலிருந்து எல்லாரும் எடுத்த பாடம். சரியான பாடம்தான். ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கோ. அந்தப் புயலில் இறந்தவர்கள் எட்டுப் பேர். அதில் மூன்று பேர் வடக்குப் பக்கத்தால் ஏறிய இந்திய-திபெத் எல்லைப் பொலிஸ் படையினர். படங்களில் அவர்கள் அநேகமாக வருவதில்லை. ஃபிஷரின் குழுவில் வேலை செய்த ஙவாங் தொப்சே ஷெர்பா ஏப்ரலிலேயே உயரத்தால் நுரையீரலில் நீர் கோர்த்து விழுந்து, ஜூனில் காத்மண்டுவில் இறந்தார். அவர் அந்த எட்டுக்குள் வரமாட்டார். ஏனென்றால் அவர் செத்தது புயலில் அல்ல, வேலையில்.

இந்தச் சாவுகளுக்குப் பிறகு வியாபாரம் படுக்கும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். நடந்தது மறுவளம். கேட்டு வருகிற ஆட்கள் கூடினார்கள்.

ஒரு திட்டத்தைப் பிரித்துப் பார்த்தால்

இன்றைக்கு ஒரு கம்பனியின் பயணத் திட்டம் கிட்டத்தட்ட இப்படி இருக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் லுக்லாவுக்கு விமானம். நாம்சே, தெங்போசே வழியாக எட்டுப் பத்து நாள் நடந்து 5,300 மீற்றரில் உள்ள அடிவார முகாம். பிறகு உடம்பு குறைந்த ஒட்சிசனுக்குப் பழகுவதற்காக மேலே போவதும் கீழே வருவதுமாகச் சில வாரங்கள். முதலாம் முகாம், இரண்டாம் முகாம், 7,200 மீற்றரளவில் மூன்றாம் முகாம், கடைசியாக 7,900 மீற்றரில் தெற்குக் கணவாய். மே நடுப்பகுதிக்குப் பிறகு உச்சியில் அடிக்கிற கடும் காற்று வடக்கே விலகுகிற சில நாட்கள் கிடைக்கும். அந்தச் சில நாட்களுக்காகத்தான் இரண்டு மாதமும். அனுமதிக் கட்டணம் மட்டும் நீண்டகாலம் 11,000 டொலராக இருந்து, 2025 செப்டெம்பரிலிருந்து 15,000 ஆனது. மொத்தச் செலவு நாற்பதாயிரம் டொலரளவில் தொடங்கி ஒரு லட்சத்தையும் தாண்டும்.

இது வாடிக்கையாளரின் நாட்காட்டி. இதற்குப் பின்னால் இன்னொரு நாட்காட்டி இருக்கிறது. வாடிக்கையாளர் லுக்லாவில் இறங்குவதற்கு முன்னமே ஒரு சின்னக் குழு கும்பு பனிப்பாறைச் சரிவுக்குள் இறங்கி ஏணியும் கயிறும் கட்டி வழி போட்டிருக்கும். வீடளவு பனிப்பாளங்கள் ஒவ்வொரு நாளும் நகர்ந்து, இடிந்து, புதுப் பிளவுகளை உண்டாக்குகிற இடம் அது. அந்தக் குழுவைப் 'பனிச்சரிவு வைத்தியர்கள்' என்று அழைப்பார்கள். வழி போட்ட பிறகு கூடாரம், அடுப்பு, சாப்பாடு, எரிவாயு, ஒட்சிசன் எல்லாம் அதே வழியால் மேலே போக வேண்டும். வாடிக்கையாளர் அந்தச் சரிவை ஒரு பருவத்தில் ஒரு சில தடவைதான் கடப்பார். அவருடைய சாமானைச் சுமக்கிற தொழிலாளி அதைவிடப் பல மடங்கு தடவை கடப்பார், அதுவும் முதுகில் பாரத்தோடு.

வாடிக்கையாளருக்கு ஆபத்தைக் குறைக்கிற ஒவ்வொரு வசதியும் தொழிலாளியின் கணக்கில் இன்னொரு நடையாக ஏறும். கூடுதலாக ஒரு ஒட்சிசன் சிலிண்டர் என்றால் கூடுதலாக ஒரு சுமை. இரண்டாம் முகாமில் சாப்பாட்டுக் கூடாரத்துக்குக் கதிரை மேசை என்றால் அதுவும் யாரோ ஒருவரின் முதுகில்தான்.

2014 ஏப்ரல் 18

அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு முன்னம் மேற்குத் தோளிலிருந்து பெரிய பனிப்பாளம் ஒன்று உடைந்து கும்பு சரிவுக்குள் விழுந்தது. பதினாறு பேர் இறந்தார்கள். பதினாறு பேரும் நேபாளத் தொழிலாளர்கள், பெரும்பாலானோர் ஷெர்பாக்கள். மூன்று பேரின் உடல் கிடைக்கவே இல்லை. வாடிக்கையாளர் ஒருவரும் சாகவில்லை. அதிர்ஷ்டம் என்று இதைச் சொல்ல முடியாது. மேலே போய்ச் சாமான் வைக்கிற நேரம் அது, திட்டப்படி அந்த இடத்தில் நிற்க வேண்டியவர்கள்தான் நின்றார்கள்.

அரசாங்கம் ஈமச் செலவுக்கென்று குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய் தருவதாகச் சொன்னது. அந்த நேரத்துக் கணக்கில் 400 டொலரளவு. ஒரே ஒரு வாடிக்கையாளரிடம் வாங்குகிற அனுமதிக் கட்டணத்தோடு இதை வைத்துப் பார்த்தால் கோபம் வராமல் இருக்காது. ஷெர்பாக்களுக்கும் வந்தது. அடிவார முகாமில் கூடிக் கதைத்து, கோரிக்கைகளை எழுதி அனுப்பினார்கள். காப்புறுதித் தொகையை இரட்டிப்பாக்க வேண்டும், காயப்பட்டவர்களைப் பார்க்க வேண்டும், இறந்தவர்களுக்கு நினைவிடம் வேண்டும். பிறகு மலையை விட்டு இறங்கிவிட்டார்கள். தெற்குப் பக்கத்தில் அந்தப் பருவம் அத்தோடு முடிந்தது. காப்புறுதி பத்து லட்சம் நேபாள ரூபாயிலிருந்து பதினைந்து லட்சமாக உயர்ந்தது, கேட்டது இருபது.

அப்போது வெளிநாட்டு ஊடகங்களில் வந்த பேச்சுகள் எங்களுக்குப் பழகினவை. 'நல்ல சம்பளம்தானே வாங்குகிறார்கள், தெரிந்துதானே போகிறார்கள்.' உண்மைதான், ஒரு பருவத்துக்கு 3,000 முதல் 6,000 டொலர் வரை உழைக்கிற வேலை, ஒரு ஆளின் சராசரி வருட வருமானம் 700 டொலரளவில் இருந்த நாட்டில் பெரிய காசுதான். அவர்கள் அப்பாவிகளும் இல்லை, அந்த மலையை வேறு எவரையும்விட நன்றாகத் தெரிந்தவர்கள். ஆனால் வேறு வேலை இருந்திருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று கேட்காமல், தெரிந்துதானே போனார்கள் என்று மட்டும் சொல்வது பாதிக் கதை. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்ப் பெட்டியில் திரும்பின ஆட்களைத் தெரிந்த ஊர்களிலிருந்து வருகிற எங்களுக்கு மிச்சப் பாதி தெரியும்.

கம்பனி கைமாறினால் சுமையும் மாறுமா?

2014க்குப் பிறகு மாறின விசயங்கள் இருக்கின்றன. அடுத்த வருடமே சரிவுக்குள் போகிற வழியை மேற்குத் தோளிலிருந்து விலக்கி நடுவால் போட்டார்கள். நேபாளிகள் நடத்துகிற கம்பனிகள் இந்தத் தொழிலில் முன்னுக்கு வந்தன. 2021 ஜனவரியில் பத்து நேபாளிகள் மாரிகாலத்தில் கே2வின் உச்சியை முதன்முதலாகத் தொட்டபோது, யாருக்கும் வேலைக்காரர்களாக இல்லாமல் தங்கள் பெயரிலேயே ஏறினார்கள். கமி ரீட்டா ஷெர்பா 2025 மே மாதத்தில் 31ஆவது தடவையாக எவரெஸ்ட் ஏறினார். பெயரில்லாத கூலி என்ற நிலையிலிருந்து பார்த்தால் இது பெரிய தூரம்.

ஆனால் முதலாளியின் தேசியம் மாறினதால் மட்டும் பனிப்பாளம் விழாமல் விடாது. போட்டியில் விலை குறைய, அனுபவமில்லாத வாடிக்கையாளர்கள் கூடினார்கள். 2019 மே 22இல் நிர்மல் பூர்ஜா எடுத்த, உச்சிக்குக் கீழே ஆட்கள் பஸ் வரிசை மாதிரி நிற்கிற படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 2023இல் நேபாளம் 478 அனுமதிகளைக் கொடுத்தது. அந்த வருடம் ஏப்ரல் 12இல், பருவம் சரியாகத் தொடங்கவும் இல்லை, கும்பு சரிவுக்குள் மூன்று ஷெர்பாக்கள் புதைந்துபோனார்கள்.

2025இல் நாலு பிரிட்டிஷ்காரர்கள் செனன் வாயுவைச் சுவாசித்து உடலைப் பழக்கிக்கொண்டு, லண்டனிலிருந்து புறப்பட்டு ஐந்தே நாளில் உச்சியில் நின்றார்கள். உலகம் வாயுவைப் பற்றி விவாதித்தது. கயிறும் கூடாரமும் ஒட்சிசனும் அவர்களுக்கு முன்னமே மேலே போய்க் காத்திருந்ததைப் பற்றிக் கதைத்தவர்கள் குறைவு. அவர்களுக்கு மிச்சமான வாரங்களை வேறு யாரோ மலையில் செலவழித்திருந்தார்கள். இன்னொரு பக்கம், அதே பருவத்தில் ட்ரோன்கள் சரிவுக்கு மேலால் ஏணிகளையும் குப்பையையும் சுமக்கத் தொடங்கின. ஒரு தொழில்நுட்பம் வாடிக்கையாளரின் நேரத்தை மிச்சம் பிடிக்கிறது, மற்றது தொழிலாளியின் நடையை மிச்சம் பிடிக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்கப் பழகினால் போதும், பயணத் திட்டங்களை வாசிக்கிற முறையே மாறிவிடும்.

எங்கட நாட்டிலிருந்து முதலில் எவரெஸ்ட் ஏறியவர் ஜயந்தி குரு உதும்பால, 2016 மே 21இல். 2018இல் யொஹான் பீரிஸ் ஏறினார். இரண்டையும் நாங்கள் பெருமையாகத்தான் பார்க்கிறோம். முக்கியமாக, பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர் ஒருவர் முதல் ஆளாகப் போனது சின்ன விசயமில்லை. இனிமேல் எங்களில் யாராவது போகத் திட்டம் போட்டால் விலையை மட்டும் கேட்காமல் இன்னும் சில கேள்விகளையும் கேட்க வேண்டும். எங்களோடு வேலை செய்பவரின் காப்புறுதி எவ்வளவு? எனக்காக அவர் எத்தனை தடவை சரிவைக் கடப்பார்? 'திரும்பு' என்று அவர் சொன்னால் அதைக் கேட்கத்தான் வேண்டும் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

இருபத்தொரு தடவை எவரெஸ்ட் ஏறிய அப்பா ஷெர்பா, தகப்பன் இறந்ததால் பன்னிரண்டு வயதில் சுமைகாரராகப் போனவர். பிறகு பிள்ளைகளின் படிப்புக்காக அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். அவரும் கமி ரீட்டாவும் தாமே என்ற கிராமத்தவர்கள். டென்சிங் வளர்ந்ததும் அங்கேதான். 2024 ஓகஸ்ட் 16இல், மேலே பனி உருகித் தேங்கியிருந்த ஏரி உடைந்து அந்தக் கிராமத்துக்குள் வெள்ளம் பாய்ந்தது. பாடசாலையும் சுகாதார நிலையமும் பல வீடுகளும் அடிபட்டுப் போயின. நல்ல காலம், உயிர்ச்சேதம் இல்லை. அடுத்த ஏப்ரலில் மலைக்கு ஆட்கள் வழமைபோல வந்து சேர்ந்தார்கள். சுமைகளும் வழமைபோல மேலே போயின.